நகரத்தில் தொலைந்த முன்னோர்: வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களில் குடும்ப வரலாற்றுத் தேடல்

ஆய்வுச்சுருக்கம்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வில்லியனூர், பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களிலிருந்து புதுச்சேரி நகரத்துக்கும் சைகோனுக்கும் சென்றோர் பலர், இரண்டு மூன்று தலைமுறைக்குள் தம் குடும்பத்தாரின் நினைவிலிருந்து மறைந்துள்ளனர். நகரப் பதிவேடுகளில் அவர்களைத் தேடுவோர் பெரும்பாலும் தோல்வியே காண்கின்றனர். பதிவு இல்லாமை அதற்குக் காரணமன்று. ஊர் அறிந்த பெயருக்கும் அலுவலகம் எழுதிய பெயருக்கும் இடையே ஏற்பட்ட பிளவே காரணம் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பெயரின் எழுத்துப்பெயர்ப்பு நெறிகளை அறிவதும், தேடலை நகரத்தில் தொடங்காமல் ஊரின் உறவு வழக்காற்றில் தொடங்குவதும் பயன் தரும் என்பது இதன் கருதுகோள். இந்நெறி எவர்க்குப் பயன்படாது என்பதும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்ப வரலாறு, குடிநிலைப் பதிவேடு, பெயரியல், எழுத்துப்பெயர்ப்பு, சைகோன், மொய்க் குறிப்பேடு

முன்னுரை

ஊரில் வாழ்ந்து ஊரிலேயே மறைந்த முன்னோரைத் தேடுவது ஒப்பீட்டளவில் எளிது. நிலம் இருந்தால் பத்திரம் இருக்கும். நிலம் இல்லையெனினும் குலதெய்வக் கோயிலில் பங்காளிகள் இருப்பர். அவர்களுள் ஒருவருக்கேனும் நான்கு தலைமுறைப் பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். நகரத்துக்குப் போனவரின் நிலை வேறு. அவரைப் பற்றிக் குடும்பத்தில் எஞ்சுவது பெரும்பாலும் ஒரே தொடர்தான்: ‘மில்லு வேலைக்குப் போனவர்’, ‘சைகோனுக்குப் போனவர்’. போனார் என்பதற்குமேல் கதை நீள்வதில்லை.

பாகூரை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த என் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி அவர். அவர் இறந்த நாள் எதுவெனத் தெரியாததால், எங்கள் வீட்டு மூத்த பாட்டி ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று எல்லா முன்னோருடன் சேர்த்து அவருக்கும் ஓர் இலை போட்டுப் படைத்துவந்தார். ‘அவருக்கென்று ஒரு நாள் இல்லையே’ என்று அவர் ஒவ்வோர் ஆண்டும் சொல்வதைக் கேட்டு வளர்ந்தேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகப் புதுச்சேரிப் பகுதி மக்கட்பெயர்களைத் தொகுக்கத் தொடங்கியபோது, அந்த நாளையும் தேடத் தொடங்கினேன். இக்கட்டுரையில் கூறப்படும் நெறிகளுள் சில அத்தேடலில் நான் செய்த தவறுகளிலிருந்து பெற்றவை. குடும்பத்தாரின் விருப்பப்படி அவர் பெயரை இங்குத் தரவில்லை. அப்பெயரின் நடுவே ஒரு ழகரம் இருந்தது என்பதை அறிந்தால் போதும்.

பதிவேடுகளின் அமைப்பு

புதுச்சேரிப் பகுதியில் குடும்ப வரலாறு தேடுவோர்க்குத் தமிழகத்தின் பிற பகுதியினர்க்கு வாய்க்காத ஒரு வாய்ப்பு உண்டு. பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்வழி அமைந்த குடிநிலைப் பதிவு முறையே அது. உள்ளூர் வழக்கில் இது ‘எத்தா சிவில்’ எனப்படும். 1880ஆம் ஆண்டு ஆணையால் இந்திய மக்களின் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவு ஒழுங்குபடுத்தப்பட்டது. அதே ஆண்டில்தான் பிரெஞ்சிந்தியா பத்துக் கொம்யூன்களாகப் பிரிக்கப்பட்டது. புதுச்சேரிப் பகுதிக்குள் அமைந்தவை நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர்.

1907இல் இவ்வெண்ணிக்கை பதினேழாக உயர்ந்தது. புதுச்சேரிப் பகுதியில் மட்டும் எட்டுக் கொம்யூன்கள் ஆயின. அரியாங்குப்பம், முதலியார்பேட்டை, திருபுவனை, நெட்டப்பாக்கம் ஆகியன புதியன. இது வெறும் ஆட்சிச் செய்தியன்று. இன்று நெட்டப்பாக்கத்தைச் சார்ந்த ஊரொன்றில் 1895இல் பிறந்தவரை நெட்டப்பாக்கத்தின் பெயரில் தேடினால் கிடைக்கமாட்டார். அவ்வாண்டில் அப்பெயரில் கொம்யூனே இல்லை. இன்றைய எல்லையைக் கொண்டு பழைய ஏட்டைத் திறப்பதே தொடக்க நிலையினர் செய்யும் முதல் பிழை.

எல்லை பற்றிய இன்னொரு செய்தியும் உண்டு. புதுச்சேரிப் பகுதி தொடர்ச்சியான நிலப்பரப்பன்று. நகரத்திலிருந்து பாகூருக்குச் செல்லும் வழியிலேயே அன்றைய ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு மாவட்ட ஊர்கள் குறுக்கிடும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இந்த எல்லைக்கோட்டைப் பார்த்து நடந்தவை அல்ல. ஆகவே ஒரு குடும்பத்தில் தந்தையின் பிறப்பு பிரெஞ்சு ஏட்டில் இருக்க, தாயின் பிறப்பு அங்கு இல்லாமற் போகலாம். அதைக் கண்டு ‘பதிவு அழிந்துவிட்டது’ என்று முடிவு செய்தல் கூடாது. அத்தாய் இரண்டு கல் தொலைவில், வேறோர் அரசின் கீழ்ப் பிறந்திருப்பாள்.

பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகளின் பதிவேடுகளை ஒரு படி கூடுதலாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பவேண்டும் என்பது 1776ஆம் ஆண்டு அரசாணை. அதன் பயனாக இன்று தென் பிரான்சின் எக்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் பிரெஞ்சிந்தியப் பதிவுகள் பேணப்படுகின்றன. அவற்றின் ஒரு பகுதி இணையத்தில் படமாகவே காணக் கிடைக்கிறது. அண்மைக் காலப் பதிவுகள் நான்த் நகரிலுள்ள நடுவண் குடிநிலைப் பணியகத்தைச் சார்ந்தவை. இங்கே கரையானும் ஈரமும் தின்ற ஏட்டுக்கு அங்கே ஒரு படி இருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்க்கு ஆறுதல். ஏடு கிடைத்தும் ஆள் கிடைக்காத நிலைதான் இக்கட்டுரையின் சிக்கல்.

காதால் எழுதிய பெயர்கள்

ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் பிரெஞ்சுக்காரர் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடியே தமிழில் எழுதினார். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் கொம்யூன் எழுத்தர்கள் நம் பெயர்களைத் தம் காதில் விழுந்தபடி பிரெஞ்சு முறையில் எழுதினர். இரண்டும் ஒரே செயல்தான். பிள்ளையின் எழுத்தைப் படிக்கப் பழகிய நாம், எழுத்தரின் எழுத்தைப் படிக்கப் பழகவில்லை.

ஆண்டிறுதி அட்டவணைகள் உரோமன் அகரவரிசையில் அமைந்தவை. தேடுவோர் இன்றைய ஆங்கில எழுத்துமுறையை மனத்தில் வைத்து அவற்றை அணுகுகின்றனர். இங்குதான் பெரும்பாலான முன்னோர் ‘காணாமற்போகின்றனர்’. கீழே உரோமன் எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே சுட்டுகிறேன். வாசகர்க்கு அதுவே பழக்கம்.

‘உ’ என்னும் உயிர் பிரெஞ்சில் ‘ஓ’, ‘யூ’ ஆகிய ஈரெழுத்துகளால் குறிக்கப்படும். ஆதலால் உலகநாதனை ‘யூ’ வரிசையில் தேடுதல் வீண். அவர் ‘ஓ’ வரிசையில் இருப்பார். பிரெஞ்சில் ‘சி’, ‘எச்’ சேர்ந்தால் ஷகர ஒலி பிறக்கும். ஆகவே சண்முகம் ‘எஸ்’ வரிசையிலும் இருக்கலாம், ‘சி’ வரிசையிலும் இருக்கலாம். கிருஷ்ணனுக்கு ‘கே’, ‘சி’, ‘கியூ’ என மூன்று இருக்கைகள் உண்டு. ஞானம் என்னும் பெயரின் முதல் ஒலியைப் பிரெஞ்சுக்காரர் ‘ஜி’, ‘என்’ இரண்டையும் சேர்த்து எழுதுவர். எனவே ஞானாம்பாள் ‘ஜி’ வரிசையில் அமர்ந்திருப்பாள். ஜகரத்துக்கு முன்னால் ‘டி’ சேர்ப்பது அவர்கள் வழக்கம் ஆதலின் ஜெயராமன் ‘டி’ வரிசைக்குப் போய்விடுவார். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் பிரெஞ்சில் ஒலி திரியும். அதனைத் தடுக்க அவ்வெழுத்தை இரட்டிப்பர். இராமசாமியின் பெயரில் நிற்கும் இரட்டை எழுத்துக்கு இதுவே காரணம். இன்றும் புதுச்சேரிக் குடும்ப அட்டைகளிலும் பெயர்ப்பலகைகளிலும் இவ்வெழுத்துமுறை வாழ்கிறது. பிற மாவட்டத்தார் அதைப் பிழையென எண்ணுவதுண்டு. அது பிழையன்று. அதற்கொரு இலக்கணம் உண்டு.

யாவற்றினும் தொல்லை தருவது ழகரமே. ஆங்கில வழக்கில் ‘இசட்’, ‘எச்’ சேர்த்தும், சில வேளை ‘எல்’ என்றும் எழுதப்படும் இவ்வொலி, புதுச்சேரிப் பிரெஞ்சு வழக்கில் ‘ஜே’ எழுத்தால் குறிக்கப்பட்டது. பழனி, ஏழுமலை, தமிழரசன், எழிலன் ஆகிய பெயர்களை இன்றும் இவ்வாறே எழுதும் குடும்பங்கள் உள. இவ்வழக்கை அறியாத ஒருவர் அப்பெயரைப் படித்தால் பழனியைப் பஜனி என்றே படிப்பார். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். தமிழ் இலக்கணம் பயின்று, ழகரத்தின் பிறப்பிடத்தைத் தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்ற நான், மூன்று மாதம் அட்டவணைகளில் ‘எல்’ எழுத்தையே தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒரு பெயரைத் தேடுமுன் அப்பெயர் கொள்ளக்கூடிய எழுத்துவடிவங்கள் அனைத்தையும் முதலில் எழுதிக்கொள்ளவேண்டும். நான்கு அசையுள்ள ஒரு பெயர்க்கு எட்டுப் பத்து வடிவங்கள் எளிதில் வரும். ஒவ்வொன்றையும் வாய்விட்டு ஒலித்துப் பார்த்தல் நலம். எழுத்தர் கேட்டது ஒலியையே.

துறந்தவர் பெயர்

எழுத்து மாறினால் ஒலியைக்கொண்டு மீட்கலாம். பெயரே மாறினால் என் செய்வது? 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, இந்தியர் தம் சாதி, சமய வழிப்பட்ட தனிநிலைச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர இடமளித்தது. துறப்போர் தமக்கும் தம் வழியினர்க்கும் ஒரு குடும்பப் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும். நீதிமன்றத்துக்குள் காலணியுடன் நுழைந்த வழக்கால் அறியப்பட்ட வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, ‘லபோர்த்’ என்னும் பெயரை ஏற்றார். பிரெஞ்சில் அதற்குக் கதவு என்பது பொருள். வேறு சிலர் பிரெஞ்சுச் சொற்களையும் புனிதர் பெயர்களையும் ஏற்றனர். தந்தையின் பெயரையே குடும்பப் பெயராக்கியோரும் உண்டு.

சாதி இழிவினின்று விடுபடவும், அரசுப் பணியும் சம உரிமையும் பெறவும் ஒடுக்கப்பட்ட மக்களும் கிறித்தவரும் இதனைப் பயன்படுத்தினர். கொச்சின்சீனாவில் பணியாற்றிய புதுச்சேரியர்க்கு இத்தகுதி பெரிதும் உதவியதை நத்தாஷா பேரோதோவின் 2016ஆம் ஆண்டு நூல் விரிவாகக் காட்டுகிறது. காவல், சுங்கம், கலங்கரை விளக்கம், வரித்தண்டல் எனச் சைகோன் அரசுப் பணிகளில் இவர்கள் இருந்தனர்.

ஊரில் எஞ்சிய பங்காளிகளுக்குப் புதுப் பெயர் தெரியாது. சைகோனில் பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய பெயர் தெரியாது. இரு பெயரும் ஒரே தாளில் அமைந்திருக்கும் ஆவணம் ஒன்றே: துறப்பு அறிக்கை. அது பதிவு செய்யப்பட்டு அரசிதழிலும் வெளியிடப்பட்டது. 1884இல் வாக்காளர் பட்டியல் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்றாக்கப்பட்டமையால், துறந்தோர் பட்டியல் இரண்டாவது சான்றாகிறது. நகரத்து முன்னோரின் பெயர் பிரெஞ்சுப் பெயராக இருந்து, ஊர்த் தொடர்பு மட்டும் வாய்மொழியாக எஞ்சியிருந்தால், தேடவேண்டிய இடம் பிறப்பு அட்டவணையன்று, துறப்பு அறிக்கையே.

பெயர் மாறா நிலையிலும் ஒரு திரிபு நேர்கிறது. தமிழர் பெயர்முறையில் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரும் தன் பெயருமே உண்டு. பிரெஞ்சு எழுத்தர் இவ்விரண்டில் ஒன்றைக் குடும்பப் பெயராகக் கொள்வார். சில வேளை தந்தை பெயர், சில வேளை தன் பெயர். அண்ணன் தம்பி இருவர் இருவேறு ‘குடும்பப் பெயர்’களோடு இருவேறு பக்கங்களில் இருப்பதும் உண்டு. இங்குத் தமிழ் மரபே ஒரு கைவிளக்குத் தருகிறது. பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்கியவன் என்பது பொருள். சங்க இலக்கியத்திலேயே இச்சொல்லாட்சி காணப்படுகிறது. தலைமகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயரை இடும் வழக்கம் பாகூர், வில்லியனூர்ச் சிற்றூர்களில் அண்மைக்காலம் வரை இருந்தது. ஆகவே சைகோனில் பிறந்த ஒரு பேரனின் பெயர் தெரிந்தால், இங்கே அவன் பாட்டன் பெயரை ஊகிக்கலாம். ஊகம் சான்று ஆகாது. ஆயினும் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்பதை அது சொல்லும்.

ஊருக்குத் திரும்புதல்

நகரத்தில் தொலைந்தவரை நகரத்திலேயே தேடவேண்டும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். அவ்வழியே சென்றால் முதலில் தெருப்பெயர் குழப்பும். துய்ப்ளேக்சு தெரு இன்று நேரு வீதி. சைகோனின் கத்தினா தெரு 1955க்குப் பின் வேறொரு பெயரும் 1975க்குப் பின் இன்றைய தோங் கோய் என்னும் பெயரும் பெற்றது. நகரத்தார் வட்டிக்கடைகளும் தண்டாயுதபாணி கோயிலும் இருந்த ஒயே தெரு, இன்று தோன் தாத் தியெப் தெரு எனப்படுகிறது. தெருவை இனங்கண்டாலும், வாடகை வீட்டில் இருந்தவரை அத்தெரு நினைவில் வைத்திருப்பதில்லை. ஆலைத் தொழிலாளர் நிலை இன்னும் கடினம். 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை வில்லியனூர் வழியாக அமைந்தது. 1898இல் ரோடியர் ஆலை தொடங்கப்பட்டது. சவானா, கெப்ளே ஆலைகளும் இயங்கின. சுற்றுச் சிற்றூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர் பலர். 1936 சூலை 30 அன்று துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்த பன்னிரு தொழிலாளரின் பெயர்களை நகரம் நினைவுகூர்கிறது. அவர்களோடு அன்று நின்ற மற்றவர்களின் பெயர்களை எவரும் தொகுத்திலர்.

ஊர் அப்படியன்று. போனவனை ஊர் கணக்கில் வைத்திருக்கும். அதற்குச் சான்றுகள் மூன்றினைக் களத்தில் கண்டேன். இவை காப்பகப் பட்டியல் எதிலும் இடம்பெறாதவை.

ஒன்று, தலைக்கட்டு வரிக் குறிப்பு. குலதெய்வத் திருவிழாவுக்குத் தலைக்கட்டுக்கு இவ்வளவு என வரி எழுதும்போது, வெளியூரில் இருப்பவரின் தலைக்கட்டையும் விடாமல் எழுதுவர். பணம் வராத ஆண்டில் ‘பாக்கி’ என்றிருக்கும். தொடர்ந்து சில ஆண்டு பாக்கி நின்று, பின் பெயரே நீங்கினால், அவர் இறந்தார் அல்லது உறவு அறுந்தது என்று கொள்ளலாம். பணம் வாராமையும் ஒரு செய்திதான்.

இரண்டாவதும் சிறந்ததும் மொய்க் குறிப்பேடு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என எதுவாயினும் மொய் எழுதுபவர் பெயரோடு ஊரையும் சேர்த்தே எழுதுவார். திருப்பிச் செய்யவேண்டிய கடன் அது ஆதலால் பிழை விடமாட்டார். ஓர் எழுத்தர்க்குரிய கவனம் மொய் எழுதுபவரிடம் உண்டு. கூடுதலாக அவர்க்கு ஊர் முழுதும் தெரியும். ‘சைகோன்’ என்ற அடைமொழியோடு ஒருவர் பெயர் அதில் இருந்தால், அவ்வாண்டு அவர் உயிரோடு இருந்தார், அல்லது அவர் பொருட்டு எவரோ செய்தனர் என்பது உறுதி. பழைய குறிப்பேடுகளைப் பலர் எடைக்குப் போட்டுவிடுகின்றனர். ஆய்வு மாணவர்கள் கேட்டு வாங்கிப் படமெடுத்து வைத்தால் அதுவே பெரும் பணி.

மூன்றாவது, பெண்களின் வழக்குப் பெயர். மருமகளாக வந்தவளை அவள் பிறந்த ஊரால் அழைப்பது இப்பகுதி வழக்கம்: மங்கலத்தாள், கூடப்பாக்கத்தாள், உறுவையாற்றாள். இயற்பெயரை மறந்த குடும்பமும் இப்பெயரை மறப்பதில்லை. தேடுவோர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இது ஒரு முகவரி. மங்கலம், கூடப்பாக்கம், உறுவையாறு மூன்றும் வில்லியனூர்க் கொம்யூன் ஊர்கள். பெண்வழித் திருமணமும் பிள்ளைப்பேறும் எந்தக் கொம்யூன் ஏட்டில் இருக்கக்கூடும் என்பதை இவ்வழக்குப் பெயர் ஒரே சொல்லில் உணர்த்திவிடுகிறது. பிரெஞ்சுப் பதிவுமுறை பெண்ணைத் திருமணத்துக்குப் பின்னும் அவள் பிறந்த வீட்டுப் பெயராலேயே குறிக்கும் என்பதையும் இங்கு நினைத்தல் வேண்டும். ஆணின் பெயர் நகரத்தில் சிதைந்தாலும், அவன் மனைவியின் பெயர் ஏட்டில் சிதையாமல் இருக்கும்.

வில்லியனூர்க் கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு ஏடுகள் உண்டு. ஞானப்பெற்றோர் பெயர்கள் அங்குக் குறிக்கப்படுவதால் உறவுவலை விரிகிறது. அது தனி ஆய்வுக்குரியது.

நெறியின் வரம்பு

மேற்கூறியவை நிலமும் கோயில் உரிமையும் உடைய குடும்பங்களுக்கே முழுமையாகப் பொருந்தும் என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். ஊர்த் தலைக்கட்டுப் பட்டியலில் சேரி மக்கள் சேர்க்கப்பட்டதில்லை. அவர்களுடைய மொய்க் கணக்குகள் பெரும்பாலும் மனக்கணக்காகவே இருந்தன. ‘ஊருக்குத் திரும்பு’ என்று அக்குடும்பங்களிடம் கூறுவது, அவர்களை விலக்கிவைத்த பட்டியலிடமே அவர்களை மீண்டும் அனுப்புவதாகும். அவர்கட்கு அரசு ஆவணமே ஊர் ஆவணத்தினும் நேர்மையானதாக அமைந்துவிடுகிறது. துறப்பு அறிக்கை அவற்றுள் ஒன்று. இராணுவப் பதிவு மற்றொன்று. ‘சொல்தா’ என்று இன்றும் இப்பகுதியில் வழங்கும் பிரெஞ்சுப் படைவீரர்க்கு எண்ணிட்ட பணிப்பதிவு உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிரிழந்தோர் பெயர்களைப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகம் இணையத்தில் தருகிறது. பிறந்த நாளும் பிறந்த ஊரும் அதில் உண்டு. ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோர்க்குக் கப்பல் பட்டியல் உண்டு. 1854 இறுதியில் குவாதலூப் சேர்ந்த ‘ஒரேலி’ கப்பலைக் குடும்ப வரலாறு எழுதுவோர் அங்கு இன்றும் முதலிற் குறிப்பிடுகின்றனர்.

இன்னொரு எச்சரிக்கை. பதிவேடு சாதியைச் சொல்லும். திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளையைச் சொல்லும். சைகோனில் இன்னொரு மனைவி இருந்ததையும் சொல்லக்கூடும். கண்டெடுத்ததை யாரிடம், எவ்வளவு கூறுவது என்பதை முன்கூட்டியே குடும்பத்தாரோடு பேசிக்கொள்ளவேண்டும். இதற்குப் பொதுவிதி எதுவும் என்னிடம் இல்லை.

ஒரு தேடலின் வழி

என் கொள்ளுத்தாத்தாவின் தம்பியைப் பாகூர்ப் பிறப்பு ஏட்டில் கண்டெடுக்க ‘ஜே’ எழுத்து உதவியது. ஆனால் அது அவர் வருகையை மட்டுமே சொன்னது. சைகோன் இறப்பு ஏடுகளில் அதே வடிவத்தைத் தேடினேன். அவர் அங்கு இல்லை. அங்கிருந்த எழுத்தர் வேறுவிதமாகக் கேட்டிருக்கலாம், அல்லது தந்தை பெயரைக் குடும்பப் பெயராக்கியிருக்கலாம். பல மாதம் அப்படியே நின்றது.

ஒருநாள் பாட்டி, வேறெதையோ பேசிக்கொண்டிருக்கையில், ‘உறுவையாற்றாள் மகளுக்கு நாங்கள்தான் தாலிக்குப் பொன் கொடுத்தோம்’ என்றார். யார் அந்த உறுவையாற்றாள் எனக் கேட்டபோது, ‘அவர் பெண்சாதிதான், சைகோனுக்குக் கூட்டிப் போகாமல் விட்டுப் போனாரே’ என்றார். இத்தனை ஆண்டில் இதை எவரும் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை. தேடியது ஆணின் பெயரைத்தானே!

அடுத்து நான் திறந்தது வில்லியனூர்க் கொம்யூனின் திருமணப் பதிவுகளை. பிரெஞ்சுத் திருமணப் பதிவில் மணமக்களின் பெற்றோர் உயிரோடு உள்ளனரா என்பது குறிக்கப்படும். தந்தை இறந்திருந்தால், பல பதிவுகளில் அவர் எங்கு, எந்நாளில் இறந்தார் என்பதும் இடம்பெறும். 1930களின் பிற்பகுதி ஏடொன்றில் மகளின் திருமணம் இருந்தது. தாய் உறுவையாற்றில் பிறந்தவர், கையொப்பமிட அறியாதவர் என்றது பதிவு. தந்தையின் பெயர் முற்றிலும் வேறோர் எழுத்தமைப்பில் இருந்தது. ழகரம் முழுதாகவே விழுந்து போயிருந்தது. அவர் சைகோனில் இறந்தார் என்றும், நாள், மாதம், ஆண்டு இவையென்றும் ஒரே வரியில் எழுதியிருந்தனர். சாட்சிகளுள் ஒருவர் பெயர் எங்கள் வீட்டு மொய்க் குறிப்பேட்டில் இருந்த பெயர். அதைக்கொண்டே ஆள் இவர்தாம் என உறுதி செய்ய முடிந்தது. அந்நாளைக் கொண்டு பின்னர்ச் சைகோன் ஏட்டைத் திறந்தபோது, அவர் தம் தந்தை பெயரின்கீழ் அங்கே இருந்தார்.

பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டதில் அது மார்கழித் தேய்பிறை ஏகாதசி. பாட்டியிடம் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், உறுவையாற்றாள் இறந்த நாளையும் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அந்தப் பதிவை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.